பதினேழாவது லேயர்

அவளுக்கு இன்னும் முகம் இல்லை.
முட்டை வடிவில் ஒரு கோடு, கழுத்து,
அதற்குக் கீழே மூன்று நாளாய் நான்
உடுத்தி உரித்துக்கொண்டிருக்கும் சாம்பல் நிற உடம்பு.

பெயர் மட்டும் வந்திருக்கிறது மொன்றியலிலிருந்து:
தழலி. வயது இருபத்தாறு.
பாறைக்குத் தப்பித்துக் கப்பல்களைத்
துறைமுகத்துக்குள் கூட்டிவருபவள்.
உடை கம்பீரமாக இருக்கட்டும், என்கிறது மின்னஞ்சல்,
கொஞ்சம் கவர்ச்சியாகவும்.

உவர்மலையில், மேல்மாடி அறையில், சித்திரை வெயிலில்,
நைட்டி நனைந்து முதுகில் ஒட்ட
அவளுக்கு இரும்பு மார்க்கவசம் வரைகிறேன்.
விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும்
ம்ஹும் என்கிறது.

கடலின் நிறம் வேண்டுமென்று
டச்சுக்குடாவைப் போனில் பிடித்துவந்து
நிறம் உறிஞ்சும் குழாயை வைத்தால்
நீலம் வரவில்லை.
ஈயம் வந்தது. பாசி வந்தது.
ஒரு புள்ளியில்
யாரோ காயப்போட்ட துவாயின் ரோஸ் வந்தது.
அந்த ரோஸை உள்பாவாடைக்குக் கொடுத்தேன்.
ஓடினால் மட்டும் தெரியும்.

ரிஸ்மினா வந்தாள்.
ஐஸ் கொம்பனி வேலை முடிந்து
கிண்ணியா பஸ்ஸுக்கு அரை மணித்தியாலம் இருந்தால் வருவாள்.
விரல்களில் இன்னும் குளிர்.
திரையைப் பார்த்தாள், தலையைச் சரித்தும் பார்த்தாள்.

"இவ கயித்தேணியில ஏறுவாளா?"
ஏறுவாள், அதுதானே வேலை.
"இந்தப் பாவாடையோடயா?"
விசிறி பதில் சொன்னது.
"சரி, ஒண்ணுக்கு வந்தா இந்த இரும்ப ஆரு கழட்டுற?"
பையை எடுத்துக்கொண்டு படியிறங்கியவள்
பாதியில் நின்று கத்தினாள்:
"பஸ் காச எங்க வெப்பா?"

மூன்று நாள் வேலை.
கண் போன்ற சின்னத்தில் ஒரு தட்டு,
கவசம் இமை மூடிக்கொண்டது.
பாவாடையைத் தொடைவரை பிளந்து காற்சட்டையாக்கினேன்.
இடுப்பில் ஒரே முடிச்சு,
இடது கையால் அவிழ்க்கலாம்,
வலது கை கயிற்றில் இருக்கும்போது.
என் நைட்டியில் கட்டிப் பார்த்தேன்,
பதினொரு தரம்.

பிறகு அந்த மான்.
பஸ் நிலையத்தில், கொம்பில் பச்சை நைலோன் வலை சுற்றி,
ஒரு மிதவையும் காதோரம் ஆட,
சோற்றுப் பார்சல் கடதாசியை நக்கிக்கொண்டு நின்றது.
எனக்குக் கிரீடம் தெரிந்தது.
நின்ற நிலையில் போனில் கீறினேன்,
பஸ் போனதும் தெரியாமல்.

இரவு தழலியின் தலையில் பச்சை வலை,
முடிச்சுக்கு முடிச்சு வெளிச்சம்,
மிதவைக்கு மட்டும் தனி லேயர்.
மொன்றியல் ஐந்து நெருப்புப் படம் அனுப்பியது.
ரிஸ்மினா அனுப்பியது ஒரு வரி:
"மானுக்கு வலைய வெட்டி உட்டியா?"

இல்லை.

விடிய ஆறு மணிக்கு
ஐஸ் சாக்கு அறுக்கும் கத்தியோடு அவள் நின்றாள்.
ஓட்டோக்காரர் இரண்டு பேர். நான்.
ஒருவர் தோளிலிருந்த கட்டம்போட்ட சாரத்தை
மானின் கண்மேல் எறிந்தார்.
அரை நிமிடம் அது சாரம் உடுத்து நின்றது,
அவ்வளவு பொருத்தமாக எதையும் நான் வரைந்ததில்லை.
கொம்பைப் பிடிக்கச் சொன்னாள்.
சூடாக இருந்தது.
பூனைக்காது போல மயிரும் தோலும்,
உள்ளே ஏதோ துடித்தது.
வலை விழுந்ததும் சாரத்தோடு ஓடிவிட்டது.
"புதுச் சாரம்," என்றார் ஓட்டோக்காரர்,
யாரையும் பார்க்காமல்.

கிரீடத்தை அழித்தேன்.
மொன்றியல் ஏன் என்றது, திரும்ப ஏன் என்றது,
காசில் கொஞ்சம் குறைக்கும்போலத் தெரிகிறது.
கழுத்தில் இப்போது கட்டம்போட்ட துணி,
ஒரு ஓரம் கிழிந்திருக்கிறது.
தலையில் ஒன்றுமில்லை, வியர்வை மட்டும்.

கரண்ட் போகுமுன் சேமிக்கிறேன். முகம் நாளைக்கு.
சட்டைக்கு உள்ளே, பதினேழாவது லேயரில், ஒரு பை.
மேலே மூன்று துணி இருப்பதால்
அச்சில் யாருக்கும் தெரியாது.
தைத்த நூல்கூட வரைந்திருக்கிறேன்.
அதற்குள்
கிண்ணியா மட்டும் போகச் சில்லறை.